பழைய இடத்துக்கே போகும் கை

ஜாக்லினுக்குப் பத்து மாதம் முடிந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. மெத்தையின் மேல் உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஒரு பொம்மைக் கிளி. அப்பா அதை வாங்கி, அவள் பார்க்கப் பார்க்க இடது பக்கம் மெத்தைக்கு அடியில் செருகுகிறார். அவள் உடனே அங்கே தேடிக் கிளியை எடுத்துவிடுகிறாள். இன்னொரு தடவையும் அதே இடம்தான், மறுபடியும் எடுத்துவிடுகிறாள். மூன்றாம் முறை அப்பா கிளியை அவள் கண்ணெதிரே மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போய் வலது பக்கம் ஒளித்துவைக்கிறார். அவள் கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிளி மறைந்ததும் இடது பக்கம் திரும்பி அங்கே தேடுகிறாள்.

அந்த அப்பா ழான் பியாஜே. சுவிட்சர்லாந்துக்காரர். பத்து வயதிலேயே ஊர்ப் பூங்காவில் பார்த்த ஒரு வெண்சிட்டுக்குருவியைப் பற்றிச் சின்னக் குறிப்பு எழுதி அச்சில் கண்டவர். நத்தை, சிப்பி இனங்களை ஆராய்ந்து 22 வயதுக்குள் முனைவர் பட்டம் வாங்கியவர். 1925 முதல் 1931 வரை பிறந்த தன் மூன்று குழந்தைகளையும் அதே பொறுமையோடு, மனைவி வாலன்டினையும் சேர்த்துக்கொண்டு, நாள் குறித்துக் கவனித்தார். மூன்றே குழந்தைகள், அதுவும் சொந்தக் குழந்தைகள். இதை வைத்து எப்படிப் பொதுவிதி சொல்வது என்று பிறகு பலரும் கேட்டார்கள். கேள்வி சரிதான். ஆனால் 1937இல் வெளிவந்த அவருடைய நூலில் இருக்கும் மெத்தைக் குறிப்பை அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வகங்கள் செய்து பார்த்துவிட்டன. எட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் அது திரும்பத் திரும்ப வருகிறது. 'அ' என்ற இடத்தில் இரண்டு மூன்று முறை எடுக்க விட்டு, பிறகு கண்ணெதிரிலேயே 'ஆ' என்ற இடத்துக்கு மாற்றினால், கை 'அ'வுக்கே போகும்.

இதற்கு முந்தைய நிலையையும் பியாஜே எழுதியிருக்கிறார். ஐந்தாறு மாதக் குழந்தை கிலுகிலுப்பைக்காகக் கை நீட்டும் நேரம் பார்த்து அதன் மேல் ஒரு துணியைப் போடுங்கள். பாதி வெளியே தெரிந்தால் பிடித்து இழுத்துவிடும். முழுவதும் மூடிவிட்டால் நீட்டிய கையை இறக்கிவிட்டு வேறெங்கோ பார்க்கும். துணியை இழுக்கத் தெரியாமல் இல்லை. துணியையே பிடித்து விளையாடும். அடியில் இருப்பதை எடுப்பதற்காக இழுப்பதில்லை, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாதது அந்தக் குழந்தைக்கு இல்லாததே என்று பியாஜே முடிவு செய்தார். அப்படியானால் பத்து மாத ஜாக்லின் தேடுகிறாளே? அவளுக்கும் கிளி இன்னும் தனிப்பொருளாகவில்லை என்றார். 'நான் இடது பக்கம் மெத்தையைத் தூக்கினால் வரும் கிளி' என்று, செயலோடும் இடத்தோடும் ஒட்டிய ஒன்றாகவே அவள் அதை அறிகிறாள்.

அவர் தரும் இன்னொரு சான்று இதைவிட வேடிக்கையானது. அவருடைய இன்னொரு மகள் லூசியெனுக்குப் பதினைந்து மாதம். அம்மாவோடு தோட்டத்தில் இருக்கிறாள். அப்பா வருகிறார், ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிற்கிறார், அவளும் பார்த்துச் சிரிக்கிறாள். "அப்பா எங்கே?" என்று அம்மா கேட்டதும், எதிரில் நிற்பவரை விட்டுவிட்டு, அவர் வழக்கமாகத் தெரியும் அலுவல் அறையின் ஜன்னலைக் கைகாட்டுகிறாள்.

பியாஜே கண்டதில் பிழை இல்லை. அதற்கு அவர் சொன்ன காரணத்தை 1985இல் ரெனே பயார்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி, ஸ்டான்லி வாசர்மன் மூவரும் அசைத்துவிட்டார்கள். கையை நம்பாமல் அவர்கள் கண்ணைக் கேட்டார்கள். ஐந்து மாதக் குழந்தையின் முன்னால் ஒரு பலகை படுத்த நிலையிலிருந்து எழுந்து பின்பக்கமாகச் சாயும். அதன் பின்னால் ஒரு பெட்டி வைக்கப்படும். எழும் பலகை பெட்டியை மறைத்துவிடும். இப்போது பலகை பெட்டியில் முட்டி நிற்க வேண்டும். பெட்டியே இல்லாததுபோல் முழுவதும் சாய்ந்து படுத்துவிட்டால், குழந்தைகள் அதை அதிக நேரம் உற்றுப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பெட்டி அவர்களுக்கு அங்கேயே இருந்தது. அதிக நேரம் பார்ப்பதற்குப் பலகையின் அசைவே காரணமாக இருக்கலாம் என்று எதிர்வாதம் வந்தது. அந்தச் சண்டை முழுதாக ஓய்ந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த ஆண்டே புரூஸ் ஹூட், பீட்டர் வில்லாட்ஸ் இருவரும் ஐந்து மாதக் குழந்தைக்குப் பொம்மையைக் காட்டிவிட்டு அறையின் விளக்கை அணைத்தார்கள். கும்மிருட்டில் குழந்தைகள் பொம்மை இருந்த பக்கமாகக் கையை நீட்டினார்கள். துணிக்கு அடியில் இருப்பதை எடுக்க வராத வயதிலேயே, இருட்டில் இருப்பதற்குக் கை போகிறது.

ஆக, பொருள் அங்கே இருக்கிறது என்று அறிவது வேறு, அங்கே கையைக் கொண்டு போவது வேறு. இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது?

அடேல் டயமண்ட் இந்தக் கேள்வியை நேரத்தால் அளந்தார். 25 குழந்தைகளை அரை வயதிலிருந்து ஒரு வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அழைத்துவந்தார். சோதனை எளியது. குழந்தை அம்மா அல்லது அப்பா மடியில். எதிரே மேசையில் இரண்டு குழிகள், இரண்டையும் மூட ஒரே மாதிரித் துணிகள். குழந்தை பார்க்க ஒரு குழியில் பொம்மை விழும், துணி மூடும். பெற்றோர் குழந்தையின் கைகளை மெல்லப் பிடித்துக்கொள்வார்கள். சோதிப்பவர் குழந்தையைக் கூப்பிட்டு, சத்தமாக எண்ணி, அதன் பார்வையைக் குழியிலிருந்து பிரிப்பார். பிறகு கைகளை விடுவார்கள். ஏழரை மாதக் குழந்தை தவறு செய்ய இரண்டு விநாடி காத்திருக்க வைத்தால் போதும். காக்க வைக்காமல் உடனே விட்டால் சரியாகவே எடுக்கும். மாதத்துக்குச் சுமார் இரண்டு விநாடி வீதம் இந்த எல்லை நகர்ந்துகொண்டே போகிறது. ஒரு வயதில் பத்து விநாடி காக்க வைத்தாலும் குழந்தை தாக்குப்பிடிக்கிறது. பொருள் பற்றிய கருத்தே இல்லாத குழந்தை என்றால் இரண்டு விநாடிக்கும் ஐந்து விநாடிக்கும் என்ன வித்தியாசம்?

அப்படியானால் வெறும் மறதிதானா? அதுவும் போதாது. டயமண்ட் கவனித்த சில குழந்தைகள் பழைய குழிக்குக் கையைக் கொண்டு போனார்கள், கண் மட்டும் சரியான குழியையே பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் பழைய துணியை இழுத்தார்கள், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை, உடனே சரியான பக்கம் திரும்பினார்கள். வேறு ஆய்வுகளில் துணிக்குப் பதில் கண்ணாடி போன்ற மூடியை வைத்தார்கள். பொம்மை பளிச்சென்று தெரிகிறது. தவறு குறைந்ததே தவிர, ஒழியவில்லை. இவை மறந்தவர் செய்யும் காரியம் இல்லை. வீட்டில் அஞ்சறைப்பெட்டியை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்த மறுநாள், மாற்றியவர் கையே மேல்தட்டுக்குத்தான் போகும்.

போன கையைப் பாதியில் நிறுத்த மூளையில் ஓர் இடம் வேண்டும். அது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி என்பது டயமண்டின் வாதம். 1989இல் பட்ரீசியா கோல்ட்மன்-ராகிச்சோடு சேர்ந்து ரீசஸ் குரங்குகளிடம் இதைச் சோதித்தார். அந்தப் பகுதியில் சேதம் இருந்த வளர்ந்த குரங்குகள், இரண்டு முதல் ஐந்து விநாடி காத்திருப்பிலேயே, எட்டு ஒன்பது மாதக் குழந்தையைப் போலப் பழைய குழிக்குப் போயின. மூளையின் வேறு பகுதிகளில் சேதம் இருந்தவற்றிடம் இந்தப் போக்கு காணப்படவில்லை.

இங்கேயே கதையை முடித்துவிட்டால் பாடப்புத்தகத்துக்கு வசதி. இந்தியானா பல்கலைக்கழகத்தில் எஸ்தர் தெலன், லிண்டா ஸ்மித் இருவரும் அப்படி முடிக்க விடவில்லை. முதலில் பொம்மையை எடுத்தெறிந்தார்கள். மேசையில் இரண்டு மூடிகள் மட்டும். ஒன்றைத் தூக்கி ஆட்டிக் காட்டி வைத்தால் குழந்தை அதை எடுக்கும். சில முறை இப்படிச் செய்துவிட்டு மற்ற மூடியை ஆட்டினால், கை பழைய மூடிக்கே போனது. ஒளிந்த பொருளே இல்லாதபோது, 'ஒளிந்த பொருள் பற்றிய அறிவு' என்ற பேச்சுக்கு இங்கே என்ன வேலை? அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்த நூறாண்டு ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதல் இடத்தில் எடுக்கும்வரை குழந்தையை உட்கார வைத்தார்கள். இடம் மாறும்போது தூக்கி நிற்க வைத்தார்கள். தவறு வெகுவாகக் குறைந்தது. குழந்தையின் மணிக்கட்டில் சிறு எடைகளைக் கட்டியோ, கட்டியிருந்ததை அவிழ்த்தோ கையின் கனத்தை நடுவில் மாற்றியபோதும் அப்படியே. கனம் மாறிய கைக்குப் பழைய பாதை பழக்கமான பாதையாக இல்லை. குழந்தையின் நினைவில் இருப்பது 'கிளி இடது பக்கம் இருக்கிறது' என்ற செய்தி மட்டும் இல்லை. அந்தப் பக்கம் போய் வந்த கையின் நினைவும் அதில் ஒரு பங்கு.

மூன்றாவதாக ஹங்கேரியிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. யோசெப் தோபாலும் ஜியோர்ஜி கெர்கெலி உள்ளிட்ட அவருடைய கூட்டாளிகளும் 2008இல் கேட்டது இது: பொருளை ஒளிப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? குழந்தையின் கண்ணைப் பார்க்கிறார், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், கொஞ்சுகிறார், பிறகு ஒளிக்கிறார். பத்து மாதக் குழந்தைக்கு இவையெல்லாம் 'உனக்கு ஒன்று கற்றுத்தருகிறேன், கவனி' என்ற சமிக்ஞைகள். 'இந்தப் பொம்மை இருக்கும் இடம் இது' என்று அது பாடம் படித்துக்கொண்டால் அதன் மேல் குற்றமில்லை. ஒளிப்பவர் குழந்தையின் பக்கம் திரும்பாமல், பேசாமல் ஒளித்தபோது தவறு கணிசமாகக் குறைந்தது. மறு ஆண்டு இதே குழுவினர் நாய்களையும் ஓநாய்களையும் சோதித்தார்கள். மனிதன் முகம் பார்த்துப் பேசி ஒளித்தால் நாயும் பழைய இடத்துக்கே போனது. மனிதரோடு வளர்ந்த ஓநாய் பொருள் இருக்கும் இடத்துக்குப் போனது.

மூன்றில் எது சரி என்று கேட்டால், ஒன்றை மட்டும் கைகாட்ட எனக்கு மனம் வரவில்லை. தெலன் எடை கட்டி மாற்றியது நடந்தது, தோபால் வாய்மூடி மாற்றியதும் நடந்தது. பழைய இடத்தின் இழுப்பு ஒரு பக்கம், புதிய இடத்தின் நினைவு மறுபக்கம். கை கிளம்பும் நேரத்தில் எது பலமோ அது ஜெயிக்கிறது. பழக்கம், காத்திருப்பு, எதிரில் இருப்பவர் முகம், கையின் கனம் எல்லாம் அந்தத் தராசில் ஏறும். கிளி இல்லாமல் போய்விட்டது என்று ஜாக்லின் நினைத்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறை பலன் தந்த இடத்தை விட அவளால் இன்னும் முடியவில்லை.

பழைய இடத்தை விட்டுவிட உதவுகிற ஒன்று தவழ்வது. ரோசன் கெர்மோயனும் ஜோசப் கேம்போஸும் 1988இல் எட்டரை மாதக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். முட்டிபோட்டுத் தவழும் குழந்தைகளும் வாக்கரில் நகரும் குழந்தைகளும் இன்னும் இடம் விட்டு நகராதவர்களைவிட நன்றாகத் தேடினார்கள். வயிற்றால் தரையில் உராய்ந்து நகர்பவர்களுக்கு அந்த லாபம் இல்லை. அவர்களுக்கு நகர்வதே முழுநேர வேலை. சுற்றிப் பார்க்கக் கவனம் மிஞ்சுவதில்லை போலும். (இதைப் படித்துவிட்டு வாக்கர் வாங்கக் கிளம்ப வேண்டாம். படிக்கட்டில் உருண்ட குழந்தைகளின் காயங்களைக் கண்ட கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.) தானாக நகரும் குழந்தைக்கு இடது வலது ஆகும், வலது இடது ஆகும். தன் உடம்பை வைத்துக் குறித்த இடம் அதற்கு உதவாது; கதவையும் கட்டிலையும் வைத்துக் குறித்தால்தான் பொருள் கிடைக்கும்.

முதல் பிறந்தநாள் தாண்டியதும் இந்தப் பிழை அநேகமாக மறைகிறது. ஒன்றரை வயதுக்கு மேல் பியாஜே வைத்த கடினமான பரீட்சையிலும் குழந்தை தேறிவிடுகிறது. காசை உள்ளங்கையில் மூடி, அந்தக் கையைப் போர்வைக்குள் விட்டு, வெறும் கையை வெளியே எடுத்தால், கையில் இல்லாத காசு போர்வைக்குள்தான் இருக்க வேண்டும் என்று அது கண்டுகொள்கிறது. கண் காணாத பயணத்தையும் மனம் போட்டுப் பார்க்கிறது. இத்தோடு தேடக் கற்கும் கதை முடிந்தது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள்.

2000ஆம் ஆண்டில் நீல் பெர்தியேவும் ரேச்சல் கிளிஃப்டனும் இன்னும் சிலரும் செய்த ஒரு சோதனை அந்த நினைப்பைக் கெடுத்தது. ஒரு சரிவுப் பலகை. அதன் நடுப்பகுதியை மறைத்து ஒரு தடுப்பு. தடுப்பில் வரிசையாக நான்கு சின்னக் கதவுகள். சரிவின் மேல் ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு மரச்சுவர் நிறுத்தப்படும். அது உயரமானது, அதன் உச்சி தடுப்புக்கு மேலே எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பந்து உருண்டு உள்ளே போகிறது, சுவரில் முட்டி நிற்கிறது. எந்தக் கதவைத் திறந்தால் பந்து? சுவரைப் பார்த்தால் விடை தெரியும். இரண்டு வயதுக் குழந்தைகள் வாய்க்கு வந்த விடை சொல்வதுபோல் கைக்கு வந்த கதவைத் திறந்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோரும் அப்படியே. மூன்று வயதில்தான் பெரும்பாலோர் சுவரை வைத்துக் கதவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? ஸ்பெல்கியும் கூட்டாளிகளும் 1992இல் கிட்டத்தட்ட இதே காட்சியை இரண்டரை மாதக் குழந்தைகளுக்குக் காட்டியிருந்தார்கள். பந்து உருண்டு திரைக்குப் பின்னால் போகிறது, அங்கே ஒரு சுவர். திரையைத் தூக்கும்போது பந்து சுவருக்கு அப்பால் இருந்தால் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள், அது நடக்கக் கூடாதது என்பதுபோல. இரண்டரை மாதத்தில் கண்ணுக்கு எட்டிய செய்தி இரண்டரை வயதிலும் கைக்கு எட்டவில்லை. நடந்து முடிந்ததைப் பார்த்து 'இது சரியில்லை' என்று உணர்வது ஒன்று. இன்னும் திறக்காத கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி, அந்தக் கதவை மட்டும் தேர்ந்தெடுப்பது வேறொன்று. பின்னதற்குச் சுவரின் வெளியே தெரியும் துண்டையும், தெரியாத மீதியையும், ஓடும் பந்தையும் ஒன்றாகக் கோத்துக் கைக்கு உத்தரவு தர வேண்டும். நாம் அறிவு என்று ஒரே பெயரில் அழைப்பது, குழந்தையிடம் பல துண்டுகளாகப் பல தேதிகளில் வந்து சேர்கிறது என்று எனக்குத் தோன்றுவது இந்தச் சோதனையால்தான்.

புரூஸ் ஹூட்டின் குழாய்ச் சோதனையில் பழைய இடத்தின் இழுப்பு வேறு வேடத்தில் வருகிறது. மேலே மூன்று துளைகள், கீழே மூன்று பெட்டிகள், நடுவே வளைந்து குறுக்காகப் போகும் ஒளி புகாத குழாய். துளையில் பந்தைப் போட்டால் இரண்டு வயதுக் குழந்தை குழாய் போகும் பாதையைப் பார்க்காமல், துளைக்கு நேர் கீழே இருக்கும் பெட்டியில் தேடுகிறது. கிடைக்கவில்லை என்றாலும் அடுத்த முறையும் அதே பெட்டிதான். இங்கே கை போவது பந்து முன்பு கிடைத்த இடத்துக்கு இல்லை, பொருள்கள் வழக்கமாக விழும் இடத்துக்கு. கீழே போட்டது நேர் கீழேதான் போகும் என்று, நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியை ஓயாமல் தள்ளிவிட்டுக் கற்ற பாடம் அது. இதே காட்சியின் வீடியோவைத் தலைகீழாகத் திருப்பி, பந்து கீழிருந்து மேலே போவதாகக் காட்டியபோது இந்தத் தவறு வரவில்லை.

மூன்று வயதை ஒட்டி நடக்கும் இன்னொரு தாவலை ஜூடி டெலோச் 1987இல் காட்டினார். ஒரு பெரிய அறை. அதே அறையின் பொம்மை அளவு மாதிரி. குட்டி ஸ்னூப்பி நாய்ப் பொம்மையை மாதிரி அறையின் குட்டி சோஃபாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "பெரிய ஸ்னூப்பி பெரிய அறையில் இதே இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது" என்பார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் நேரே சோஃபாவுக்குப் போய் எடுத்தார்கள். அவர்களைவிட ஆறு மாதம் சின்னவர்கள் தட்டித் தடுமாறினார்கள். குட்டி ஸ்னூப்பி எங்கே என்றால் மட்டும் அவர்களுக்கும் சரியாகத் தெரிந்தது, நினைவில் குறையில்லை. மாதிரி அறை என்பது ஒரு விளையாட்டுப் பொருள், அதே சமயம் வேறோர் அறையைக் காட்டும் படம் என்று இரண்டாகவும் அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. அதைச் சோதிக்க டெலோச் செய்த தந்திரம் கதைப்புத்தகத்தில் வர வேண்டியது. பொருள்களைச் சுருக்கும் இயந்திரம் என்று ஒரு மின்கருவியைக் காட்டி, 'இது அந்த அறையைச் சுருக்கிவிட்டது' என்று இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் சொன்னார்கள். குழந்தைகள் அதை நம்பினார்கள், பொம்மையையும் கண்டுபிடித்தார்கள். இப்போது மாதிரி அறை எதற்கும் படம் இல்லை. அதே அறைதான், அளவு மட்டும் சிறுத்துவிட்டது.

மழலையர் பள்ளி வயதில் தேடல் மெல்லக் கணக்குப் போடத் தொடங்குகிறது. ஹென்றி வெல்மன், சூசன் சாமர்வில் ஆகியோர் 1979இல் ஒரு பள்ளி முற்றத்தில் குழந்தைகளை வரிசையாகப் பல இடங்களுக்கு அழைத்துப் போனார்கள். மூன்றாம் இடத்தில் கேமராவால் படம் எடுத்தார்கள். ஏழாம் இடத்துக்கு வந்து பைக்குள் பார்த்தால் கேமராவைக் காணோம். கடைசியாகக் கையில் இருந்த இடத்துக்கும், இல்லை என்று தெரிந்த இடத்துக்கும் இடையில்தான் அது விழுந்திருக்க வேண்டும். முதல் இரண்டு இடங்களைப் போய்ப் பார்ப்பது வீண். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடம் இந்த யோசனையின் முளை இருந்தது, வயது ஏற ஏற அது தெளிவானது.

தேடத் தெரிந்த குழந்தைக்கு ஒளியத் தெரிவதில்லை என்பது கண்ணாமூச்சி ஆடிய எந்த வீட்டுக்கும் புதிதில்லை. ஜோன் பெஸ்கினும் விட்டோரியா ஆர்டினோவும் 2003இல் இதை முறையாகப் பார்த்தார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றார்கள், அல்லது ஒளியப் போகும் இடத்தைத் தேடுபவரிடமே சொல்லிவிட்டார்கள். தேடும்போது தன் கண் எதைப் பார்த்தது, தன் கை எங்கே போய் வந்தது என்ற கணக்கு போதும். ஒளிய வேண்டுமென்றால், தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றும், அப்படியே வைத்திருக்க வேண்டியது தன் வேலை என்றும் தெரிந்திருக்க வேண்டும். நான்கைந்து வயதில், பிறர் தவறாகவும் நம்பக்கூடும் என்று குழந்தைக்குப் பிடிபடும்போதுதான் அதுவும் வருகிறது. அதுவரை "நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கறேன், நீ வந்து தேடுப்பா" என்றே ஆட்டம் நடக்கும். அப்பாவும் முதலில் பீரோவுக்குப் பின்னால் தேடிவிட்டுத்தான் கட்டிலுக்கு வர வேண்டியிருக்கும்.